மண்டி மாடி

கோயம்புத்தூர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் காலத்தில் தபாலில் கடிதம் எழுதும் பெண்ணாக என்னை ஆக்கியது நீங்கள்தான். நான் போன் செய்தால் எடுப்பதில்லை. சதாம் அண்ணனிடம் பேசிக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கரில் என் குரல் கேட்டால் எழுந்து போய்விடுகிறீர்கள். அம்மாவிடம் சொல்லி அனுப்பினால், உங்களுக்குக் கோபம் வரும் பாதியை அம்மா விழுங்கிவிட்டு மீதியைத்தான் உங்களிடம் சொல்கிறார்கள். ஆனால் கைக்கு வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் நீங்கள் இருந்ததே இல்லை. வாணியம்பாடி வியாபாரி எவ்வளவு கேவலமாக எழுதினாலும் அன்றைக்கே உட்கார்ந்து பதில் எழுதுவீர்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். என்னை மகளாக நினைக்கப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வியாபாரியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நம் தோல் மண்டி மாடியில் நான் வைத்த சோலார் பேனல்களைக் கழற்றிப் பழைய சாமான் தப்ரேஸுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று அம்மா சொன்னார்கள். கொடுக்காதீர்கள், அத்தா. கீழே இருக்கும் குளிர் அறையை வேண்டுமானால் பூட்டிப் போடுங்கள். பேனல்கள் மட்டும் இருந்த இடத்தில் இருக்கட்டும்.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று அந்தக் குளிர் அறை ஏன் நின்றுபோனது என்று எனக்கு இன்னும் தெரியாது. அழுகிய தோலைப் பார்த்த அன்றே என்னை மாடிப்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். பிறகு கல்லூரி திறந்து நான் இங்கே வந்துவிட்டேன். எம்.இ. சேர்ந்ததே சோலார் படிக்கத்தான். வகுப்பில் பாலைவனம் முழுக்கப் பேனல் விரிப்பதைப் பற்றிப் பாடம் நடக்கிறது. எனக்கோ, நம் மாடியில் அடிக்கிற வெயிலை வைத்து ஒரே ஓர் அறையைக் குளிர வைக்க முடியவில்லையே என்று மனம் ஓடுகிறது. உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. நூலகத்தில் ஒரு பக்கம் படிப்பதற்குள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறேன், திரும்பி வரும்போது எதைப் படித்தேன் என்று மறந்துவிடுகிறது. விடுதிப் பெண்கள் என்னை 'காத்தாடி' என்று கூப்பிடுகிறார்கள்.

எங்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சத்யபிரியா மேடம் ஜனவரிக்குள் தலைப்பு கேட்கிறார். நம் குளிர் அறை ஏன் தோற்றது என்பதையே எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை. அதற்கு அந்த மாடி வேண்டும். அது போய்விட்டால் நான் இங்கே வந்ததற்கு அர்த்தமே இல்லை.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்,
ஷாஹினா


786
திண்டுக்கல்
22 செப்டம்பர் 2025

மகள் ஷாஹினாவுக்கு அத்தா மீரான் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மாவின் முட்டி வலியைத் தவிர இங்கே அனைவரும் நலம்.

வியாபாரியாக நினைக்கச் சொன்னாய். சரி, அப்படியே எழுதுகிறேன். நீ கொடுத்த சரக்கு சரியில்லை.

பச்சைத் தோலுக்கு உப்புதான் உயிர். உரித்த ஆட்டுத் தோல் மண்டிக்கு வந்ததும் உப்பை அள்ளிப் போட்டு அடுக்கிவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். என் அத்தா காலத்திலிருந்து அப்படித்தான் நடக்கிறது. நீ வந்தாய். பி.இ. படிப்பு முடிக்கிற புராஜெக்ட் என்றாய். உப்பு பாதி போதும், மீதியைக் குளிர் பார்த்துக்கொள்ளும், வெயில்தான் சும்மா கொட்டிக் கிடக்கிறதே என்றாய். உப்பைக் குறைத்தால் டேனரிக் கழிவுத் தண்ணீரில் உப்பு குறையும், என்றைக்காவது நம் தெருக் கிணற்றில் சோப்பு நுரைக்கும் என்றாய். உன் பேச்சைக் கேட்டு, காய்ந்த தோலை உப்பு உதறுகிற முற்றத்தையே குளிர் அறைக்குத் தூக்கிக் கொடுத்தேன். கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. அதை நான் மறுக்கவில்லை.

பெருநாள் என்றைக்கு வருகிறது? வருஷத்துக்கு ஒருநாள். அன்றைக்கு வருகிற சரக்குதான் வருஷச் சரக்கு. அன்று பார்த்து உன் அறை காலை வாரிவிட்டது. மூன்றாம் நாள் கதவைத் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தது. ஒரு தோலை எடுத்து முடியைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. முடி வந்தால் தோல் போச்சு என்று உனக்கே தெரியும். அது என் சரக்காக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். மதரஸா தோல் அது. குர்பானி கொடுத்தவர்கள், பெற்றோர் இல்லாத பிள்ளைகளின் சாப்பாட்டுக்காக என்று நம்பி மதரஸாவுக்குக் கொடுத்தது. மதரஸாக்காரர்கள் என்னை நம்பி மண்டிக்கு அனுப்பியது. அமானிதம்.

மதரஸாவுக்குப் போய் சௌகத் அலி ஹஜ்ரத் முன்னால் நான் நின்ற நிலை உனக்குத் தெரியாது. நஷ்டத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன்.

சென்னையில் இருக்கும் உன் மாமா மகன் ஹஸ்ஸான் போன வாரம் பேசினான். இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கம்ப்யூட்டர் பக்கம் வந்தால் அவன் கம்பெனியிலேயே சொல்லிவிடுகிறானாம். யோசி. தீபாவளி கழித்துத் தப்ரேஸ் வண்டி கொண்டு வருவான்.

மீரான்


கோயம்புத்தூர்
1 அக்டோபர் 2025

அத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை விடுதிப் படிக்கட்டில் நின்றுகொண்டே படித்தேன். அறைக்குப் போகும் வரை பொறுக்க முடியவில்லை.

நீங்கள் ஒன்றை எழுதவில்லை. அன்று காலை நான் உங்களிடம் என்ன கேட்டேன் என்று எழுதவில்லை. சோலார் தடுமாறினால் கரண்டுக்கு மாற்ற ஒரு சுவிட்ச் சுவரில் இருக்கிறது. அது தானாக மாறாது, கையால் திருப்ப வேண்டும். அதற்காகத்தான், "அத்தா, நானும் மண்டிக்கு வாரேன், ஒரு ஓரமா நிக்கிறேன்" என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பெருநா அன்னைக்கு மண்டிக்குள்ள பொம்பளப் புள்ளைக்கு என்ன வேல? ஊரே வந்து நிக்கிது. போயி கறியப் பங்கு போடு." மறுநாளும் அதே பதில். அதற்கடுத்த நாளும் அதே.

நான் பங்கு போட்டேன். நமக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. நான் கட்டிய அறை அங்கே நின்றுகொண்டிருந்தபோது நான் கையில் ஈரலை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தச் சுவிட்சைத் திருப்ப ஒரு ஆள் இல்லை. எத்தனை தடவை கதவைத் திறந்து திறந்து உள்ளே சரக்கைத் திணித்தீர்களோ, அதுவும் தெரியாது. தோல் அழுகியதும் மட்டும் அது என் அறை ஆகிவிட்டது.

ஹஸ்ஸானுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். எனக்குப் பத்து வயதுகூட ஆகாதபோது நம் ஊரில் பாதி நாள் கரண்டு இருக்காதே, ஞாபகம் இருக்கிறதா? ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி ஊற்றி நீங்கள் சபித்துக்கொண்டிருப்பீர்கள். "இம்புட்டு வெயிலு அடிக்குதே அத்தா, அத ஒயர்ல புடிக்க முடியாதா?" என்று நான் கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. "படிச்சுட்டு வந்து நீயே புடிச்சுக் குடு" என்றீர்கள். எல்லோரும் கம்ப்யூட்டர் எடு என்றபோது நான் எலக்ட்ரிகல் எடுத்தது அந்த ஒரு வார்த்தைக்காக. இப்போது எந்த முகத்தோடு கம்ப்யூட்டர் பக்கம் போகச் சொல்கிறீர்கள்?

ஒரே ஓர் உதவி. மேற்கு ஓரப் பேனலின் பின்னால் இரண்டு ஒயர்கள் ஒரு கறுப்பு மூடிக்குள் போய்ச் சேரும். கட்டைவிரல் அளவு இருக்கும். அதற்குப் பெயர் கனெக்டர். அதில்தான் எனக்குச் சந்தேகம். அண்ணனிடம் போட்டோ கேட்டேன், வந்த போட்டோவில் அண்ணனின் கட்டைவிரல்தான் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் அந்தோணிராஜைக் கூப்பிட்டு அதை வெட்டி எனக்கு அனுப்புங்கள். வெயில் படும் வரை பேனலில் கரண்டு இருக்கும். முதலில் தார்ப்பாயைப் போட்டு மூடச் சொல்லுங்கள்.

ஷாஹினா


786
திண்டுக்கல்
9 நவம்பர் 2025

ஷாஹினாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழிக்க எழுந்தேன். உன் அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டாள். அத்தாவுக்குக் கடிதம் எழுதுகிற முறை அதுவல்ல. நீ ஈரலோடு நின்றதை எழுதியிருந்த இடத்தை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அன்று மத்தியானம் வெஞ்சனம் இல்லாமல் வெறும் ரசத்தை ஊற்றினாள். எனக்குக் கோபம் ஆற இத்தனை நாள் ஆனது, அதனால்தான் பதில் தாமதம்.

தப்ரேஸ் வண்டியோடு வந்தான். அன்றைக்கு நல்ல மழை. மழையில் மாடி ஏறி எவனாவது வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது, அப்புறம் வா என்று அனுப்பிவிட்டேன். மழை விட்டதும் நானே மேலே போனேன். உனக்காக இல்லை, தளம் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்க. அப்படியே அந்தோணிராஜையும் வரச்சொல்லி, நீ சொன்னபடி தார்ப்பாயைப் போட்டு, அந்தக் கறுப்பு மூடியை வெட்டி எடுத்தோம். ஒரு பக்கம் உருகிப் போயிருக்கிறது. உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. அந்தோணிராஜ் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

டீத்தூள் பொட்டலத்துக்குள் வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்துக்கொள். இதை வைத்து ஒன்றும் ஆசையை வளர்த்துக்கொள்ளாதே.

மீரான்


கோயம்புத்தூர்
18 நவம்பர் 2025

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பொட்டலம் வந்தது. மேடம் அதை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்க்கும் முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். யாரும் கவனிக்கவில்லை. அந்த வெள்ளையைத் துளி கிள்ளி நாக்கு நுனியில் வைத்தேன். தோல் வியாபாரி மகள் வேறு என்ன செய்வாள்?

உப்பு, அத்தா. நம் உப்பு.

குளிர் அறை வந்து முற்றத்தைப் பிடித்துக்கொண்டதும், "அப்ப உப்ப எங்கிட்டு உதர்றது?" என்று பெருமாள்சாமி அண்ணன் கேட்டார். "மாடில உதறிக்கிருங்க, இடந்தான் கெடக்குல்ல" என்று சொன்னது நானா நீங்களா? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம் என்றுதான் எனக்கு ஞாபகம். அன்றிலிருந்து தினமும் பேனலுக்குப் பக்கத்திலேயே தோலை அடித்து உதறியிருக்கிறார்கள். பறந்த உப்பு பேனலின் பின்னால் போய் உட்கார்ந்து, காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து, கனெக்டரை உள்ளுக்குள்ளே தின்றிருக்கிறது. சாதாரண நாளில் சமாளித்தது. பெருநாள் சரக்குக்கு முழு மூச்சாக ஓட வேண்டி வந்ததும் சூடேறி உருகிவிட்டது.

நிழல் விழுமா என்று பார்த்தேன். காக்கா எச்சம் போடுமா என்று பார்த்தேன். வெயில் எந்த மாதம் எந்தப் பக்கம் சாயும் என்று காகிதம் காகிதமாக எழுதினேன். உப்பைப் பார்க்கவில்லை. என் பள்ளிக்கூடப் பையில் உப்பு, பாயில் உப்பு, உங்கள் சட்டைக் காலரில் உப்பு. நம் வீட்டில் அதை யாரும் அழுக்கு என்று நினைத்ததே இல்லை. வேற்று ஊர்க்காரன் ஒருவன் மாடி ஏறியிருந்தால் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டிருப்பான். இந்தத் தப்பை நம்மைத் தவிர யாராலும் செய்திருக்க முடியாது.

வெயில் நம்மை ஏமாற்றவில்லை. நீங்கள் கதவைத் திறந்து திறந்து மூடியதாலும் இல்லை. போன கடிதத்தில் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஈரலைத் தவிர.

உப்பு பறக்கும் இடத்தில் சோலாரை எப்படிக் காப்பாற்றுவது என்று யாரும் சரியாகப் பார்த்ததில்லையாம். தோல் மண்டி, மீன் ஏலக் கூடம், கருவாட்டுக் களம் எல்லாவற்றுக்கும் இது உதவும், இதையே தலைப்பாக எடு என்று மேடம் சொல்கிறார். பேனல் ஒயர்கள் வந்து சேரும் பெட்டியை இடம் மாற்ற வேண்டும், கனெக்டர்களை மூடி வைக்க வேண்டும், உதறுவதை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு வருஷம் அந்த மாடியை எனக்குக் கொடுங்கள். கொடுங்கள், அத்தா.

ஷாஹினா


786
திண்டுக்கல்
7 டிசம்பர் 2025

மகள் ஷாஹினாவுக்கு,

உப்பு என்று கண்டுபிடித்தாய். நல்லது. மண்டிக் கதவின் கீல் இற்றுப்போவதும் நான் மாற்றுவதும் காலம் காலமாக நடக்கிறது. எனக்கும் தோன்றவில்லை பார். பேனல் என்றால் கண்ணாடிதானே, கண்ணாடியை உப்பு என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன்.

ஆனாலும் மாடி கிடையாது.

போன ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஹஜ்ரத் பக்கத்தில் வந்தார். வருகிற பெருநாளுக்கு மதரஸா தோலை வேறு மண்டிக்குக் கொடுக்கலாம் என்று கமிட்டியில் முடிவு செய்துவிட்டார்களாம். "நீங்க தப்பா நெனச்சுக்கிறாதீங்க மீரான் பாய்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் நினைக்க என்ன இருக்கிறது? செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பாதி வழியில்தான் பார்த்தேன், அது வேறு யாருடைய செருப்போ.

உனக்கு ஒன்று தெரியாது. அன்று காலையில் மதரஸா தோல் வந்து இறங்கியபோது சதாம் சொன்னான், "அத்தா, இத எப்பவும் போல முழு உப்புல போட்ருவோம். நம்ம சரக்க உள்ள வப்போம்." நான்தான் வேண்டாம் என்றேன். "இந்த மண்டியிலேயே நல்ல எடம் எம்மக கட்டுன எடந்தான். அமானிதம் அங்கதான் இருக்கணும்" என்றேன். வந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன். பெருமையாகச் சொன்னேன்.

என் கோபம் உன் பேனல் மேலேயும் இல்லை, வெயில் மேலேயும் இல்லை. அப்படி நான் சொன்ன பிறகு அது நடந்தது பார், அதை என்னால் விழுங்க முடியவில்லை. அந்த மாடியைப் பார்க்கும்போதெல்லாம் நான் சொன்ன வார்த்தை என் காதில் கேட்கிறது. அதனால்தான் அது அங்கே இருக்கக் கூடாது என்கிறேன். நீ வேறு தலைப்பு எடுத்துக்கொள். பொங்கல் முடிந்ததும் தப்ரேஸ் வருவான்.

மீரான்


கோயம்புத்தூர்
20 ஜனவரி 2026

அத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீங்கள் அப்படிச் சொல்லித்தான் அந்தத் தோலை உள்ளே வைத்தீர்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் மாடி வேண்டும் என்று வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

தலைப்பை மாற்றிவிட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு பேனல் வயலை வரைந்து, அதில் வெயிலை ஏற்றி இறக்கிப் பார்க்கும் வேலை. அதில் உப்பு இல்லை, காற்று இல்லை, ஆட்கள் இல்லை. யாருடைய தோலும் அழுகாது. மேடம் கையெழுத்துப் போடும்போது, "நிச்சயமாகத்தானா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன்.

போன சனிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். உங்களிடம் நேரில் ஏதோ சொல்ல வேண்டும் என்று. உடுமலை தாண்டும்போது காற்றாலைகள் வரிசையாக நின்றன. ஒன்று சுற்றியது, பக்கத்தில் ஒன்று சும்மா நின்றது. ஒரே காற்றுதானே, இது ஏன் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒட்டன்சத்திரத்தில் தைரியம் போய்விட்டது, இறங்கிவிட்டேன். மார்க்கெட் பக்கம் டீ குடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். தக்காளிக் கூடையோடு நின்ற அம்மா ஒருவர், "ஏனுங்க கண்ணு, பஸ்ஸு மாறி ஏறிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்வது?

பேனல்களைத் தப்ரேஸிடம் கொடுத்துவிடுங்கள். இனி நான் கேட்க மாட்டேன்.

ஷாஹினா


786
திண்டுக்கல்
2 பிப்ரவரி 2026

ஷாஹினாவுக்கு,

தப்ரேஸ் வந்தான், கயிறு, ஸ்பேனர் சகிதம். படியில் பாதி ஏறிவிட்டான். இறங்குடா என்றேன். "என்ன பாய், வெளயாடுறீங்களா? இதோட எத்தன தடவ?" என்று கத்திவிட்டுப் போனான். இனிமேல் நானே கூப்பிட்டாலும் வரமாட்டானாம்.

எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. மாடி கிடையாது என்று நான் சொல்வேன். அது என் மாடி, நான் சொல்லலாம். அதற்காக நீ விட்டுவிடுவாயா? ஒரு சரக்கு அழுகியதற்குத் தொழிலை விடுகிறவன் நம் குடும்பத்தில் எவன் இருக்கிறான்? நான் எத்தனை தடவை அழுக விட்டிருக்கிறேன் என்று உன் அம்மாவைக் கேள். நீ சண்டை போடுவாய், அடுத்த கடிதத்தில் என்னை இன்னும் நாலு வார்த்தை கேட்பாய் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ என்னவென்றால் ஒட்டன்சத்திரம் வரை வந்து டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாய். அந்த டீக்குப் பதில் வீட்டுக்கு வந்திருந்தால் உன் அம்மா கையால் சோறு தின்றிருக்கலாம்.

நோன்புப் பெருநாளுக்கு வருவாய்தானே. வந்து உன் பெட்டியை எங்கே மாற்ற வேண்டுமோ மாற்றிவிட்டுப் போ. உதறுகிற இடத்தைப் பின்பக்கச் சந்துக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். பெருமாள்சாமி முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான்.

தோல் வைப்பேன் என்று நான் சொல்லவில்லை. அதை நன்றாகப் புரிந்துகொள்.

மீரான்


கோயம்புத்தூர்
10 மே 2026

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்புப் பெருநாளுக்கு வந்திருந்தபோது நீங்கள் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட்கார்டு நிறையாது. ஆனால் நான் மாடியில் ஒயர் கட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அந்தோணிராஜ் அண்ணன் பிடிக்கிறேன் என்று சொல்லியும் விடவில்லை. நான் இறங்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டீர்கள். நான் பார்த்தேன்.

தலைப்பை மறுபடி மாற்றிக்கொண்டேன். மேடம் திட்டினார், பிறகு சிரித்தார்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். இந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என்னால் வர முடியாது, பரீட்சை நடுவில் வருகிறது. ஆகவே தயவுசெய்து எந்தத் தோலையும் அந்த அறையில் வைக்காதீர்கள். யாருடையதையும் வைக்காதீர்கள். அறை காலியாக ஓடட்டும், எனக்கு அந்தக் கணக்கே போதும். போன வருஷம் நான் அவ்வளவு நிச்சயமாக இருந்தேன். இப்போது படித்திருக்கிறேன், அதனால் பயமாக இருக்கிறது. நன்றாகத்தான் கட்டியிருக்கிறேன். ஆனாலும் கண்ணை மூடினால் அந்த வாடை வருகிறது. இன்னொரு தடவை உங்களை யார் முன்னாலும் தலைகுனிய வைக்க என்னால் முடியாது.

பழையபடி முழு உப்பைப் போடுங்கள், அத்தா.

ஷாஹினா


786
திண்டுக்கல்
6 ஜூன் 2026

அன்பு மகள் ஷாஹினாவுக்கு, அத்தா துஆவுடன் எழுதுவது.

பெருநாள் நல்லபடி முடிந்தது. மதரஸா தோல் வரவில்லை. எதிர்த்த மண்டியில் இறக்கினார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வந்த மற்ற சரக்குக்கெல்லாம் நீ சொன்னபடி முழு உப்பு போட்டாயிற்று.

நம் வீட்டுக் குர்பானி ஆட்டின் தோல் ஒன்று இருந்தது. வழக்கமாக அதையும் மதரஸாவுக்குத்தான் கொடுப்போம். இந்த வருஷம் ஹஜ்ரத்திடம் போய், நானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். விற்றுக் காசு பார்க்கக் கூடாது, வீட்டில் புழங்கிக்கொள்ளலாம் என்றார். சரி என்று கொண்டுவந்து, உப்பு துளிகூடப் போடாமல், உன் அறையில் வைத்தேன். பாதி உப்பும் இல்லை, கால் உப்பும் இல்லை. அமானிதம் இல்லை, நம்முடையது. போனால் நம்மோடு போகட்டும். வைக்காதே என்று நீ எழுதியிருந்தாய், நான் என்றைக்கு உன் பேச்சைக் கேட்டேன்?

அந்த அறைக்குப் போகிற கரண்டு பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெயிலும் உன் பேட்டரியும் மட்டும்தான். சதாம், "அத்தா, புள்ள பாவம், கரண்டையாவது விட்டு வைங்க" என்றான். வேண்டாம் என்றேன். நாளைக்கு யாராவது கேட்டால் நான் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். தொழுகைக்குப் போகும்போதும் பை கனத்தது. சாப்பிடும்போதும் எழுந்து எழுந்து போய்க் கதவில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். உன் அம்மா சொன்னாள், "மகளுக்குத்தான் காலு ஒரு எடத்துல நிக்காதுன்னு நெனச்சேன். அது எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்று.

ஒரு வாரம் கழித்து நேற்று அசர் தொழுதுவிட்டு வந்து திறந்தேன். வாடை இல்லை. தோலை வெளியே எடுத்து விரித்தேன். கழுத்துப் பக்கம் முடியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. வயிற்றுப் பக்கம்தான் சீக்கிரம் போகும், அங்கேயும் இழுத்தேன். வரவில்லை. சதாமை இழுக்கச் சொன்னேன். அவன் பலம் உனக்குத் தெரியும். தோல்தான் நீண்டது, முடி வரவில்லை. அந்த ஈரத் தோலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஹஜ்ரத்துக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். அவரும் குனிந்து முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அடுத்த வருஷத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத யாரு கட்டுனது?" என்றார். போன வருஷமே அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார். "எம்மக" என்றேன். இந்தத் தடவையும் பத்துப் பேர் இருந்தார்கள்.

அந்தத் தோலை முடியோடு பதப்படுத்தி உன் அம்மாவுக்குத் தொழுகை விரிப்பாகப் போடச் சொல்லியிருக்கிறேன். முட்டி வலிக்கு மெத்தென்று இருக்கும்.

அடுத்த பெருநாளைக்கு நீ வந்து மண்டியில் நில். சுவிட்சுக்குப் பக்கத்தில் நில், ஓரமாக இல்லை. கறியைப் பங்கு போடச் சதாமை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அவனிடம் சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். போன் பண்ணு. எடுக்கிறேன்.

அத்தா